திராட்சை ஜூஸ்

அந்தக் கடையில் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, ஐயா. ஹட்டனிலிருந்து நோர்வூட் போகிற வழியில் புதிதாகத் திறந்திருக்கிறார்களே, அந்த இத்தாலிச் சாப்பாட்டுக் கடை. பாஸ்டா எனக்குக் கொஞ்சம் திகட்டியது, அவ்வளவுதான்.

என் தம்பி லோஜன் ஓட்டோ ஓட்டுகிறவன். முன்பு மோசமாகக் குடிப்பான். சாராயக்கடை வாசலிலிருந்து அவனைத் தாங்கி வந்து, வாந்தியைக் கழுவி, எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் ஒரு சொல் சொல்லாமல் பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு வந்த சம்பந்தங்களையும் அவனுக்காகவே வேண்டாம் என்றேன். பிறகு ஜெயந்தினியோடு பழகினான். பாலர் பாடசாலை டீச்சர். அவள் ஒரு வார்த்தை சொன்னாள், குடியை விட்டுவிட்டான். நான் வருடக்கணக்காக அழுது கேட்டும் விடாதவன்.

கல்யாணத் தேதி குறித்த சந்தோஷத்தில், ஞாயிறு மத்தியானம் எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப்போனான். நல்ல பெண், ஐயா. பீட்சாவில் முதல் துண்டை என் தட்டில்தான் வைத்தாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் நாங்க ராகலைக்குப் போயிடுறோம் அக்கா. நீங்க அடிக்கடி வந்து போங்க."

வந்து போங்க. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் கை கழுவப் போவதுபோல எழுந்து கவுண்டருக்குப் போனேன். தம்பிக்குச் சிவப்பு வைன் வேண்டும், ஆட்கள் முன்னால் கூச்சப்படுவான், ஜூஸ் கிளாசில் கொடுங்கள் என்றேன். ஒரு வாய் குடித்ததும் லோஜன் என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது என்னா?"

"திராட்சை ஜூஸ்டா. வெளிநாட்டுச் சாமான், அப்படித்தான் இருக்கும். குடி."

அவனுக்குத் தெரிந்திருக்கும். இருந்தும் நான் சொன்னதற்காகக் குடித்தான். இரண்டாவதை நான் வரவழைத்தேன். அதன் பிறகு அவனே கேட்டான். ஜூஸ் என்று கேட்கவில்லை. ஜெயந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்னு நீங்களாச்சும் சொல்லுங்க அக்கா."

"நல்ல நாளும் அதுவுமா, விடும்மா."

வெளியே வந்தபோது பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. அவன் சாவியைக் கீழே போட்டு, குனிந்து தேடினான். எனக்குத் தலை சுற்றுகிறது, பஸ்ஸில் வருகிறேன் என்றேன். தானும் பஸ்ஸில் வருவதாக அவள் சொன்னாள். "அவனைத் தனியா விடாதம்மா. நீ பக்கத்துல இருந்தா மெதுவா போவான்" என்று நான்தான் அவளை ஓட்டோவில் ஏற்றிவிட்டேன்.

ஓட்டோ உருண்டு விழுந்த தேயிலைச் சரிவிலிருந்து தூக்கும்போதே அவளுக்கு மூச்சு இல்லையாம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

குடித்தவன் அவன், ஓட்டியவன் அவன் என்று உங்கள் பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். குடிக்க வைத்தவள் நான், அவளை ஏற்றிவிட்டவளும் நான். போகிற வழி எனக்குத் தெரியும், அந்த வளைவுகளும் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவனை என்னிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். இனி நடக்க மாட்டான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவனை மறியலில் அடைத்தால் யார் பார்ப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் அவன் என்னோடு பேசுவதில்லை. என்னைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஆனால் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து உதட்டருகே கொண்டுபோனால் வாயைத் திறக்கிறான், ஐயா. பாசம் இல்லாமலா திறப்பான்?