எந்தப் பாலை

புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியா போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் முன்பின் தெரியாத இருவர். ஒருவர் மடியில் பாலைப்பழப் பையை வைத்திருந்த அறுபது வயதுக்காரர். மற்றவர் நரை விழத் தொடங்கிய ஒரு பெண். பெரியவர் ஒரு கை பழம் அள்ளி அவளிடம் நீட்டினார்.

“எடுங்கோ தங்கச்சி. காட்டுப்பழம், தேன் மாதிரி இருக்கும்.”

“வேண்டாம் அண்ணை. என்ர மகள் பாலை மரத்துக்குக் கீழைதான் கிடக்கிறாள்.”

அவருடைய கை நீட்டியபடியே நின்றது.

“சண்டைக்குள்ளை இடம்பெயர்ந்து ஓடேக்கை, விசுவமடுக் காட்டுக்கரையிலை ஷெல் விழுந்தது. அவளுக்கு மூண்டு வயசு. பாலை எந்தக் கோடையிலையும் இலை கொட்டாதெல்லே. பிள்ளைக்கு வெயில் படக்கூடாதெண்டு அதுக்குக் கீழை குழி வெட்டித் தாட்டம்.”

“பிறகு போய்ப் பாத்தனீங்களோ?”

“முகாமிலையிருந்து விட்ட உடனை போனனான். பாலை நல்ல வைரமான மரம். ஆரோ எல்லாத்தையும் வெட்டி ஏத்திக்கொண்டு போட்டாங்கள். வெறும் அடிக்கட்டையள்தான் நிண்டது. எங்கட மரம் எதெண்டு தெரியேல்லை.”

“என்ன செய்தனீங்கள்?”

“கொண்டுபோன பூவை எல்லாக் கட்டையிலையும் ஒவ்வொண்டா வைச்சுப்போட்டு வந்தனான்.”

அவர் பழத்தைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

“இப்பவும் போறனீங்களோ?”

“ஓம், ஒவ்வொரு வருசமும். சனம் விறகுக்குக் கட்டையளையும் கொத்திக்கொண்டு போகுது. போன முறை என்ர கையிலை பூ மிஞ்சிப் போச்சு, அண்ணை.”