அவர் பேர்ல ஒரு நாய்

குரங்கு இல்லம்மா, நாய்தான். நல்லா பாரு. மூஞ்சிதான் அப்படி. நீ மட்டுமா, பாக்குறவங்க எல்லாரும் இதான் கேக்குறாங்க. இந்த நாய்ச் சாதியோட பேரே அதுதானாம், ஆஃபன்பின்ஷர். ஜெர்மன்காரங்க பாஷைல ஆஃபேன்னா குரங்காம். எங்க, சொல்லு பாப்போம்? ம்ஹூம்... பின்ஷர். சிரிக்காத, எனக்கே வாய்ல நுழைய ஒரு வாரம் ஆச்சு.

தொட்டுப் பாரேன், கடிக்காது. துடைப்பத்தத் தொட்ட மாதிரி இருக்குல்ல? இந்த முடிக்கு மெஷின் போடக் கூடாதாம். செத்த முடியக் கையாலதான் பிடுங்கி விடணுமாம். எல்லாம் இந்த இருபது நாள்ல கத்துக்கிட்டது.

என்னோடதான்னா... எப்படிச் சொல்றது. எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. ஆனா எங்க வீட்ல நாய் கிடையாது. முழிக்காத, சொல்றேன். டாக்டர் உன் பூனையப் பாக்குறதுக்கு முன்னாடி இன்னும் நாலு பேர் இருக்காங்க.

அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ரெண்டு வாரம் வீடு, ரெண்டு வாரம் வெளியூர். கட்டிக்கிட்டு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. நாய் முடி காத்துல வந்தாலே தும்மல், மூச்சடைப்புன்னுவார். என் பொண்ணு எட்டு வயசுல ஒரு குட்டி கேட்டு ரெண்டு நாள் சோறு திங்காம கிடந்தா. மனுஷன் மசியல. அப்பா வேணுமா நாய் வேணுமாடின்னு நான்தான் அவ வாய அடைச்சேன். அப்பாதான் வேணும்னு தேம்பிக்கிட்டே வந்து தட்டு முன்னாடி உக்காந்தா.

போன மாசம் ஒருநாள் காலைல அவர் குளிச்சிட்டு இருக்கார், அவரோட செல்லு அடிக்குது. எடுத்தேன். ஒரு பொண்ணு. அவர் முழுப் பேரையும் சொல்லி, உங்க ஆஃபன்பின்ஷர் ஊசிக்கு வர்ற வியாழக்கிழமை தேதின்னா. ஏதோ பெரிய வியாதி போல, என்கிட்ட மறைக்கிறார்னு நெனச்சேன். எங்க வரணும்னு கேட்டுக் காலண்டர் ஓரத்துல எழுதிக்கிட்டேன். குளியலறைக் கதவத் தட்டிச் சொன்னேன், உள்ள தண்ணிச் சத்தம் நின்னு போச்சு. அப்புறம், ராங் நம்பர்னார். தலைல சோப்போடயே வந்து செல்ல வாங்கிக்கிட்டார்.

சாயங்காலம் பொண்ணு அந்தப் பேரத் தேடிக் காட்டினா. பாத்தா நாய்ப் படம். வியாதி இல்லன்னதும் எனக்கு உசுரு வந்துச்சு, தெரியுமா? ராங் நம்பர்னே விட்டிருப்பேன். ஆனா ராங் நம்பர்காரிக்கு அவர் முழுப் பேர் எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை பஸ் ஏறி வந்துட்டேன். இதே பெஞ்சுதான். பக்கத்துல ஒருத்தி, அவ மடில இது. கவுண்டர்ல இருந்து சிட்டூன்னு கூப்பிட்டாங்க. நான் பட்டுன்னு எந்திரிச்சு நிக்கிறேன். ஏன்னா அது என் பேரு. எந்த ரேஷன் கார்டுலயும் இருக்காது, கட்டுன நாள்ல இருந்து அவர் மட்டும் கூப்பிடுற பேரு.

அவளும் எந்திரிச்சா. உங்க பேரும் சிட்டுவாக்கான்னு சிரிச்சா. அவ வீட்டுக்காரர் மொத சம்சாரத்த அப்படித்தான் கூப்பிடுவாராம், பாவம், தலைப்பிரசவத்துல போயிட்டாங்க, கொழந்தையும் தங்கலன்னா. அவங்க நெனப்பாத்தான் இதுக்கு அந்தப் பேர வச்சாராம். சொல்றப்ப அவ கண்ணு கலங்குதும்மா. எனக்காக.

என்னைக் கொன்னார், போகட்டும். அலுத்துப் போச்சு போல. ஆனா பெத்த பொண்ணையும் சேத்துல்ல பொதச்சிருக்கார்! காய்ச்சல்னா ராத்திரி பகலா தோள்ல போட்டுத் திரிஞ்ச பொண்ண. எந்த வாயால சொன்னாரோ.

இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. புளுகுற மூஞ்சி இல்லம்மா அவளுக்கு. புளுகுனது நான்தான். வீட்டுப் பூனைக்குப் பூச்சி மருந்து வாங்க வந்தேன்னேன். எங்க வீட்ல எலிகூடக் கிடையாது.

அவர்கிட்டயா? கேக்கல. அன்னைக்கும் போய்ச் சாப்பாடு போட்டேன். இன்னும் கொஞ்சம் வைன்னார். வச்சேன். இந்தக் கை எப்படித்தான் வச்சுதோ.

மெதுவா பேசும்மா. கவுண்டர்ல முதுகக் காட்டிட்டு நிக்கிறாளே, அவதான். இன்னைக்கு ரெண்டாவது ஊசி. அக்கா, இவளச் செத்த பிடிங்கன்னு என் மடில விட்டுட்டுப் போயிருக்கா. அக்காவாம்.

நானா சொல்லப் போறதில்ல. நாக்கு எழாது. என் பொண்ணு பதினோரு மணி பஸ்ல வர்றா. செத்துப் போன கொழந்தைக்கு இப்ப இருபது வயசு. விஷயம் எல்லாம் தெரியும், நானும் வர்றேம்மான்னு அவளே சொன்னா. அவளும் வாயத் திறக்க வேண்டியதில்ல. நெத்தி, மூக்கு, ஒரு பக்கம் கோணுற உதடுன்னு அப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்கா.

அதோ, கண்ணாடிக் கதவத் தள்ளிட்டு வர்றா பாரு, என் பொண்ணு. கவுண்டர்ல நின்னவளும் திரும்பிட்டா... பாத்துட்டா.

இந்தா, இதக் கொஞ்சம் பிடிம்மா. நான் எந்திரிக்கணும்.