வழவழப்பான தோல்

உங்கள் வலது புருவம் இடது புருவத்தைவிடக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, மேடம். த்ரெடிங் செய்தவள் அவசரக்காரி. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பார்லர் நடத்துகிறவளுக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கண் அங்கேதான் போகும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் பௌர்ணமியன்று ஓநாயாக மாறுவோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, நம்பாவிட்டாலும் காது கொடுத்துக் கேளுங்கள். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து என் மகளுக்குப் போனது. ஆண்பிள்ளைகளுக்கு வருவதில்லை, கொடுத்து வைத்தவர்கள். நிலா கிளம்புமுன் தூக்க மாத்திரை போட்டுப் படுத்துவிட்டால் மாறுவது பாதியில் நின்றுவிடும். முடி மட்டும் உடம்பில் தங்கிவிடும். அதை வேக்ஸ் போட்டு எடுக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு நான் வந்த கதை அதுதான்.

மாதத்தில் ஒரு நாள் பெண்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் கணவரும் கேட்டதில்லை. என் கை வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே மனிதர் போய்ச் சேர்ந்தார். தான் யாரோடு குடும்பம் நடத்தினோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அதை என் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகளும் சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளைக் கெடுத்தது நூலகம். ஓநாய்க் கதைகளாக அள்ளிக்கொண்டு வருவாள். ஆண் ஓநாயானால் அவனுக்காக ஊரே அழுகிறதாம், பெண் ஓநாயானால் கடைசிப் பக்கத்துக்குள் சுட்டுவிடுகிறார்களாம். ஒரு நாள் ஒரு புத்தகத்தின் அட்டைப்படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பாரும்மா, ஓநாய்ப் பொண்ணுன்னு போட்டிருக்கான், கால்ல ஒரு முடி இல்ல. உன்கிட்டதான் வந்துட்டுப் போயிருப்பா."

வாடிக்கையாளரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதோடு சரி.

அடுத்த பௌர்ணமிக்கு அவள் மாத்திரையைத் துப்பிவிட்டுப் பின்கதவு வழியாகப் போயிருக்கிறாள். காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு, பானையோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலெல்லாம் சேறு. ஆற்றங்கரையோரம் ஓடினாளாம். யாரையும் கடிக்கவில்லை, ஒரு கோழியைக்கூடத் தொடவில்லை. முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. நான் திட்டத் திட்ட, கையை என் முன்னால் நீட்டினாள்.

"தொட்டுப் பாரும்மா. முழுசா மாறி ஓடினா, விடியறப்ப எல்லாம் தானா உதிர்ந்துடுது. மாத்திரை போட்டாத்தான் தங்குது."

தடவிப் பார்த்தேன். விளக்கடியில் இழுத்து வைத்து, குறை கண்டுபிடிக்கவே பார்த்தேன். ஒரு முடி இல்லை. என் கைபட்டு எந்தத் தோலும் அவ்வளவு வழவழப்பாக ஆனதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பெற்றவளுக்கு இருக்கிற பயம் அது.

"அடுத்த தடவை நீயும் வாம்மா" என்றாள். "உனக்கும் நல்லா இருக்கும்."

இத்தனை காலம் தூங்கித் தொலைத்தவளிடம் ஒரு பெண் இப்படிச் சொல்லலாமா? அவளை யாராவது சுட்டுவிடுவார்கள் என்பதுதான் என் மனசில் ஓடியது. அவளே படித்துச் சொன்னதுதானே.

அதனால் அடுத்த பௌர்ணமியன்று மாலை, காபியில் மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தேன். அவளுடையதோடு என்னுடையதையும் போட்டேன், நான் மாறாமலிருக்க அரை மாத்திரை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன், அதற்குத் தூக்கம் வராது. சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்றாள், ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். தூங்கட்டும் என்றுதான் கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு, என்னையும் கிளம்பச் சொல்லி நின்றவள், அப்படியே கட்டிலில் சரிந்தாள். நிலா ஏற ஏற உடம்பெல்லாம் முடி வந்தது. பிறகு எல்லாம் நின்றுவிட்டது. மூக்கருகே கை வைத்தேன், மூச்சு வரவில்லை. உயிர் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன்.

இனி அவளுக்கு ஆக வேண்டியது மானம் ஒன்றுதான். அந்தக் கோலத்தில் அவளை நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு போவதை எந்தத் தாய் பார்ப்பாள்? வேக்ஸைச் சூடாக்கினேன். கை, கால், முதுகு என்று பொறுமையாகச் செய்தேன். ஒரு இடத்திலும் கன்றவிடவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

தோல் சிவந்து தடித்திருக்கிறது, செத்த உடம்பு அப்படித் தடிக்காது என்று போஸ்ட்மார்ட்டம் செய்த உங்கள் டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். தொழில் தெரிந்தவர்தான். முதுகு சிவந்தபோது நானும் கவனித்தேன். மேலுதட்டுக்கு வந்தபோது அவள் கண்ணைத் திறந்து, "வலிக்குதும்மா" என்றாள். மோவாய் இன்னும் பாக்கி இருந்தது. "இதோ, முடிஞ்சிடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னேன். மோவாயையும் சுத்தமாக எடுத்து முடித்துவிட்டுத்தான் போன் செய்தேன்.