ஜன்னலில் சொருகிய மரக்கரண்டி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை. அரசாங்க அலுவலக டீ எங்கே போனாலும் இப்படித்தான் இருக்கும். எங்கள் வானிலை அலுவலகத்திலும் இதே கதைதான். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வேலை தேடுகிற பிள்ளைகள் என்னை ஏன் ‘தகவல் அண்ணன்’ என்று கூப்பிடுகிறார்கள் என்றுதானே கேட்டீர்கள்.

வானிலை, பருவநிலை ஆய்வு, இந்த இரண்டு துறையிலும் எங்கே ஓர் இடம் காலியானாலும் அது எப்படியாவது என் காதுக்கு வந்துவிடும். பனிப்பாறை உருகுவதை அளக்க ஓர் ஆய்வு மாணவர், ராடாரைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளர், நூறு வருடம் கழித்து வெயில் எப்படி அடிக்கும் என்று கணக்குப் போட ஒரு முனைவர். எல்லாவற்றையும் திரட்டி வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பைசா வாங்கியதில்லை. ஆள் பார்த்துச் சொன்னதும் இல்லை. என்னைத் திட்டியவனுக்கும் அதே நேரத்தில் அதே தகவல்தான் போகும்.

அறிவிப்பில் இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம். உங்கள் துறையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ‘சவாலான சூழலில் பணிபுரிய விருப்பம்’ என்று போட்டிருந்தால் கழிப்பறை வெளியே இருக்கிறது என்று பொருள். ‘விரும்பத்தக்க தகுதிகள்’ என்று நீளமாக ஒரு பத்தி இருந்தால் ஆளை எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். ‘கடைசித் தேதி நீட்டிக்கப்படுகிறது’ என்றால் வந்தவர்களில் ஒருவரும் தேறவில்லை. இதையெல்லாம் எழுத்தில் போட முடியாது. போன் செய்து கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்வேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது.

என் மனைவியின் தம்பி, மலைமேல் இருக்கும் எங்கள் மேல் நிலையத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனதை விபத்து என்று போலீசில் எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் திரும்பக் கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறீர்கள். உங்கள் வேலையில் உங்களுக்கு இருக்கிற அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அவனைப் பற்றி நல்லபடியாகத்தான் சொல்வேன். பருவநிலை ஆய்வில் முனைவர் பட்டம் வாங்கியவன். வீட்டில் எல்லோருக்கும் அவன் ‘டாக்டர்’. அதைக் காதில் வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் முழங்கால் வலி என்று வந்து நின்றார்; அவரை உட்காரவைத்து, கடல்மட்டம் உயர்வதைப் பற்றி விளக்கிச் சொல்லி அனுப்பினான். ஒரு திட்டத்தில் வேலை முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை எங்கள் பின்னறையில் தற்காலிகமாகத் தங்க வந்தவன். தற்காலிகம் என்பது எங்கள் துறையில் வருடக்கணக்கில் நீளும்.

என் வேலை, தினமும் காலையிலும் மாலையிலும் வானொலியில் வானிலையைச் சொல்வது. இருபது வருடமாக ஓர் ஊரே என்னைக் கேட்டுவிட்டுத்தான் குடை எடுத்தது. ஆனால் என் மனைவி, ஈரத்துணி வாளியோடு கொல்லைக்குப் போகும்போது, பின்னறைப் பக்கம் திரும்பி, “டேய், இன்னிக்குக் காயப்போடலாமாடா” என்று அவனைத்தான் கேட்பாள். வானொலியில் சொல்லிவிட்டு வந்து நான் அங்கேயேதான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“மாமா மழைன்னு ரேடியோவுல சொல்லிட்டாருக்கா. தைரியமா காயப்போடு” என்பான்.

அவள் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் என் பேச்சுக்கு அப்படிச் சிரித்திருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். வலித்தது, மேடம். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. துணியும் பெரும்பாலும் காய்ந்துவிடும்; அது இன்னும் வலித்தது.

பனிக்காலம் தொடங்குகிற சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் தலைமை முன்கணிப்பாளர் இடம் காலியாயிற்று. நான் வருடக்கணக்காகக் கண் வைத்திருந்த இடம். முனைவர் பட்டம் வேண்டும், அல்லது நீண்ட அனுபவம் வேண்டும் என்று அறிவிப்பு. ‘அல்லது’க்குப் பின்னால் நிற்பது நான். முன்னால் நிற்க வேண்டியவன் என் வீட்டுப் பின்னறையில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, அறிவிப்பு என் மைத்துனருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, அவரிடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். வானொலிக்கு நான் படிக்கிற தாளில் இனி தினமும் அவன் கையெழுத்து இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தாங்க முடியவில்லை.

நல்லவேளையாக அதே வாரம் மேல் நிலையத்திலும் ஓர் இடம் காலி. மலை உச்சியில் ஒரே அறை, ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர், ஒரு வயர்லெஸ் பெட்டி. பனிக்காலம் முழுவதும் ஒருவர் தனியாக இருந்து காற்றையும் குளிரையும் அளந்து கீழே சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குத் தங்கமான இடம், ஆனால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். ஆள் எடுக்கிறவர்களிடம் அவனுக்காக நான் ஒரு வார்த்தை சொன்னேன். அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்றைக்கு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். அவள் தம்பிக்கு ஒரு வழி காட்டிவிட்டேனாம்.

பேருந்தில் ஏற்றிவிடும்போது அவன் கேட்டான். “மேல போறதுக்கு முன்னாடி வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா மாமா?”

“குளிருதான் மாப்ளே. வேற ஒண்ணுமில்ல” என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை தலைமை முன்கணிப்பாளர் இடத்தின் அறிவிப்பைக் குழுவில் போட்டேன், ஆள் பார்க்காமல், எல்லோருக்கும். மலை உச்சியில் கைபேசி எடுக்காது என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை. என் விண்ணப்பத்தையும் கொடுத்தேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நம்பினேன். அந்தக் கட்டத்தில் என் மனத்தில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

மேலே போனவன் வயர்லெஸ்ஸில் அளவுகளைச் சொல்லி முடித்ததும் என்னோடு இரண்டு வார்த்தை பேசுவான். முதல் வாரம் ஒரு புகார் சொன்னான். ஜன்னலில் யாரோ ஒரு மரக்கரண்டியைச் சொருகி வைத்திருக்கிறார்களாம், மூட முடியவில்லையாம், குளிர் காற்று உள்ளே வருகிறதாம். போகப்போகப் பழகிவிடும் என்று மட்டும் சொன்னேன். கரண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டார். தலைமை இடத்துக்குக் கடைசித் தேதியை நீட்டித்துவிட்டார்களாம். “வந்ததுல ஒண்ணும் தேறல. பனி உருகினா உங்க மச்சினர் இறங்கிடுவாரு இல்ல, அதுவரைக்கும் தள்ளிப் போட்டிருக்கோம்” என்றார். வந்தவற்றில் என் விண்ணப்பமும் ஒன்று என்பதை அவர் மறந்துவிட்டார். பாவம், வேலைப்பளு. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை வயர்லெஸ்ஸில் அவன் மறுபடி கேட்டான். “அந்தக் கரண்டிய எடுத்துரலாமா மாமா?”

“எடுத்துடு மாப்ளே. எடுத்துட்டு நல்லா மூடு” என்றேன்.

அந்தக் கரண்டி எதற்கு என்பது உங்களுக்கு இப்போது தெரியும். ஹீட்டரின் புகைக்குழாய் கூரைமேல் வடக்குப் பார்த்து இருக்கிறது. வடக்குக் காற்று வலுத்தால் குழாயின் வாயில் பனி படிந்து அடைத்துக்கொள்ளும். போக வேண்டிய வாயு அறைக்குள்ளேயே தங்கிவிடும்; வாசனையும் இருக்காது. அதனால் எப்போதோ அங்கே இருந்த ஒருவர் ஜன்னல் முழுக்க மூடாதபடி சமையல் கரண்டியைச் சொருகி வைத்தார். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். அறிவிப்பில் இதைப் போட மாட்டார்கள். போட்டால் குழாயை மாற்ற வேண்டிவருமே. மேலே போகிறவர்களுக்கு நான்தான் வாயால் சொல்வேன். போன பனிக்காலத்தில் அங்கே இருந்த பெண்ணை, எங்கள் அலுவலகத்தில் ‘குல்லா’ என்பார்கள், அவளிடமும் சொல்லியிருந்தேன். ‘எனக்கே சொன்னவர் சொந்த மைத்துனருக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்’ என்று அவள் உங்களிடம் அழுததாகச் சொன்னீர்கள். நல்ல பெண். நன்றி மறக்காதவள்.

அந்த ஜன்னலில் நீங்கள் பார்த்த ரப்பர் பட்டைக்கு வருகிறேன். கரண்டியை எடுத்த பிறகும் ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது என்றான். இதை வீட்டில் சொன்னதும் என் மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடுக்கை அடைக்க ரப்பர் பட்டை கிடைக்கும் என்று நான் சொன்னேன். அவளே என்னோடு கடைக்கு வந்தாள். கடைக்காரர் காட்டிய முதல் ரகம் அவளுக்குத் திருப்தி இல்லை. “நல்லதா குடுங்க. கொஞ்சம்கூட காத்து போகக் கூடாது” என்று அவரிடம் சொன்னாள். காசை நான் கொடுத்தேன். பனியில் வழி மூடுவதற்கு முன் கடைசியாக மேலே போன சப்ளை வண்டியில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையோடு அதையும் வைத்து அனுப்பினோம். ஒட்டிவிட்டேன், இப்போது அறை கதகதப்பாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான்.

அப்புறம் ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்த காற்று வரைபடத்தில் வடக்குக் காற்று தெளிவாகத் தெரிந்தது. அதை மாலை வானொலியில் நானே சொன்னேன். அது முடிந்து வயர்லெஸ் அறைக்குப் போனேன். அங்கே இருக்கும் ஆபரேட்டர் தூங்குகிற மாதிரி இருப்பார், எல்லாவற்றையும் கேட்பார். அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

“காலையில எந்திரிச்சா தலை வலிக்குது மாமா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு.”

“உயரமான இடம் அப்படித்தான் மாப்ளே. ஹீட்டரை நல்லா ஏத்தி வச்சுட்டுத் தூங்கு.”

“சரி மாமா. அக்காவ கேட்டதா சொல்லுங்க.”

சொன்னேன். அவன் காலமெல்லாம் படித்தது கார்பன் டை ஆக்சைடு. அறைக்குள் வந்தது கார்பன் மோனாக்சைடு. ஓர் ஆக்சிஜன்தான் வித்தியாசம். பூமி முழுவதற்கும் கணக்குப் போட்டவன், படுத்திருந்த அறைக்குப் போடவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கிண்டலை அவனே ரசித்திருப்பான்.

அவன் செத்துப்போவான் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். வானிலைக்காரனிடம் அப்படிக் கேட்கக் கூடாது, மேடம். வாய்ப்பு உண்டு என்று தெரியும். அன்றைய காற்றுக்கு அதிக வாய்ப்பு என்றும் தெரியும். தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். என் இருபது வருட வேலையில் ஒரு கணிப்பு இவ்வளவு துல்லியமாகப் பலித்தது அன்றைக்குத்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டியவன் ஒருவன்தான், அவன் இல்லை. அவனைக் கீழே கொண்டுவந்த அன்று நான் அழுதது நடிப்பில்லை. என் மைத்துனன் அவன்.

அந்தத் தலைமை இடம் இன்னும் காலிதான். கடைசித் தேதியை மறுபடி நீட்டித்திருக்கிறார்கள். என் மனைவி இப்போது துணி காயப்போடலாமா என்று யாரையும் கேட்பதில்லை. வெயில் கொளுத்தினாலும் எல்லாவற்றையும் பின்னறைக்குள் கயிறு கட்டிப் போடுகிறாள். ஈர வாடை வீடு முழுவதும் அடிக்கிறது. இன்று மழை வராது, வெளியே போடலாம் என்று ஒருநாள் நானாகவே சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. இத்தனை செய்தும் அவள் என்னைக் கேட்கவில்லை.

எங்கே கையெழுத்து போட வேண்டும்? ஒவ்வொரு பக்கத்திலுமா, சரி. இன்னொன்று, மேடம். நடுவில் உங்கள் மகள் போன் செய்தது காதில் விழுந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். இயற்பியல் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிறாள் போலிருக்கிறது. மேல் நிலையம் மறுபடி காலியாக இருக்கிறது, சம்பளம் மோசமில்லை, படிக்க நேரம் கிடைக்கும். விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். போனதும் முதல் வேலையாக ஜன்னலில் இருக்கிற ரப்பரைப் பிய்த்துப் போடட்டும். கரண்டி மேசை இழுப்பறையில்தான் இருக்கும், அதை எடுத்துப் பழையபடி சொருகி வைத்துவிட்டுத் தூங்கட்டும். உங்கள் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. இதை நான் எல்லோருக்கும் சொல்வதுதான். ஆள் பார்த்துச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.