உப்பு ஸ்டேஷன் வேகன்

எழுபத்தைந்தாம் வருஷம், ஐப்பசி. மாலை ஏழு மணி. மழை விட்டு, கரண்டும் போயிருந்தது. மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே போகிற மண்ரோடு... அதில் ஒற்றை ஆளாக நடந்து போனார் நம் ஊர்க் கொளஞ்சி. கையில் புதுப் பூட்டு. கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

அந்த ரோடு முடிகிற இடத்தில்தான் பழைய உப்பு ஸ்டேஷன். ஸ்டேஷன் என்றதும் பெஞ்சு, டீக்கடை என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் அதை ஆளுக்காகவா கட்டினான்? உப்புக்காகக் கட்டினான். ஒரு நாளும் அங்கே பாசஞ்சர் வண்டி வந்ததில்லை. தண்ணீர்ப் பானைகூட ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள்தான். உப்பு சுமந்த பெண்கள் வெளியே தொண்டை வறண்டு நிற்பார்கள். வெள்ளைக்காரன் போனான், நம் ஆள் வந்தான், பானை மட்டும் இடம் மாறவில்லை. எழுபத்தொன்றில் லைனை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஒரு புயலுக்கு ஊர் ஜனம் அங்கே ஒதுங்கியது, அப்புறம் ஆடு அடைத்தார்கள். கடைசியில் சக்கரபாணியின் உப்புக் குடோன் ஆனது. சக்கரம் கழற்றிய ஒரு வேகன் வாசலில் தரையோடு கிடந்தது. அதிலும் மூட்டைதான்.

இந்தச் சக்கரபாணி, வண்டி ஓடிய காலத்தில் அங்கே லோடு ஏற்றும் மேஸ்திரி. அப்போது ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் வேகனுக்குள் போய் மூலைவரை உப்பை வாரித் தள்ளுவார்கள். குவியலுக்குப் பின்னால் நிற்பவள் கண்ணில் படமாட்டாள். அதனால் கதவை இழுக்குமுன் இரும்பில் மூன்று தட்டு. "உள்ள யாரு?" பதில் இல்லையென்றால்தான் பூட்டு. பூட்டினால் ஒரு வாரம் கழித்து, உப்பை இறக்குகிற ஊரில்தான் திறப்பார்கள்.

அறுபத்தொன்பதில் ஒரு மழை நாள். அன்றிலிருந்து கொளஞ்சியின் அக்கா வசந்தாவைக் காணோம். "எவன்கூடயோ ஓடிட்டா" என்று சக்கரபாணியே ஊரெல்லாம் சொன்னான். ஊரும் நம்பியது, பாவிகள். ஓடிப்போனவள் மகள் என்று சொல்லி, அவள் பெண்ணைக் கேட்டு அதுவரை ஒருத்தனும் வாசல்படி ஏறவில்லை. கொளஞ்சி பூட்டோடு கிளம்பிய அன்று மத்தியானம்தான், வசந்தாவோடு லோடு தூக்கிய ராசம்மாள் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு அவன் தட்டலப்பா. வசந்தா உள்ளதான் இருந்தா. வேலை போயிடுமேன்னு நான் சொல்லல."

கொளஞ்சி நேரே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கினார். சக்கரபாணியை அந்த வேகனுக்குள் போட்டுப் பூட்டுவது, அக்கா ஓடவில்லை என்று அவன் வாயாலேயே சொல்லும்வரை திறப்பதில்லை என்று முடிவு.

சக்கரபாணி லாந்தரோடு வேகனுக்குள் நின்று, மூட்டை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொளஞ்சி கதவை நோக்கிக் கையை நீட்டினார்... தொடவில்லை. உடம்பைக் கொடுத்து இழுத்தால்தான் கிறீச்சிட்டு நகரும் கதவு அது. சத்தமே இல்லாமல் வழுக்கி வந்து, டக்கென்று சாத்திக்கொண்டது.

"டேய், எவன்டா அது? தெறடா."

"எங்க அக்கா எங்கன்னு சொல்லு, தெறக்கறேன்."

"அவதான் ஓடிட்டாளே..."

பேச்சு பாதியில் நின்றது. திரி அணைந்த வாசனை வந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். உப்புத் தூசி ஏறிய தொண்டையின் வறட்டு இருமல். பெண் இருமல்.

கொளஞ்சி பூட்டைக் கீழே போட்டார். கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பக்கத்து உப்பளத்துக்கு ஓடி, நாலு பேரைக் கடப்பாரையோடு கூட்டி வந்தார். போய்வர மொத்தம் பத்து நிமிஷம்.

நெம்பித் திறந்தார்கள். மூட்டை இடுக்கில் சக்கரபாணி மட்டும் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது.

"வண்டி நின்னுடுச்சா?" என்றான்.

யாரோ குடத்தை நீட்டினார்கள். நிறுத்தாமல் குடித்தான். பிறகு ஒருவரும் கேட்காமலே சொன்னான்.

"நான்தான் தட்டாம பூட்டினேன். பொணத்தை எறக்கின ஊர்லேர்ந்து தந்தி வந்துது. கிழிச்சுக் கழுவெளி ஏரியில போட்டுட்டேன். அவ ஓடல."

ஆறு வருஷம். கொளஞ்சி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கையை ஓங்கினார். அந்த நேரம் ஒருவன் டார்ச் வெளிச்சத்தை அவன் முகத்தில் அடித்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம்தான் சக்கரபாணி சலூனில் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்திருந்தான். டார்ச் பிடித்தவனே பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறான். இப்போது அந்த மோவாயில் ஒரு வாரத் தாடி.