பூவாளிக்குப் பின்னால ரெண்டு நாற்காலி

பாத்து ஏறுங்க, கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உசரம். வர்றவங்க எல்லாருக்கும் அங்கதான் கால் தட்டும். ஆங், வந்தாச்சு. இதேதான் நீங்க படத்துல பாத்த நாற்காலி. இரும்புதான், ஆனா கனமா இருக்காது, ஒத்த ஆளே தூக்கிடலாம். ஜோடியாத்தான் இருக்கு, உங்களுக்கு ஒண்ணுதானே? பால்கனியில ஒரு நாற்காலி போடத்தான் இடம்னு மெசேஜ்லயே சொல்லிட்டீங்களே. புது ஊரு, புது வேலை, ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு ஒரு நாற்காலி போதும்.

முதல்ல உக்காந்து பாருங்க. நாற்காலியை உக்காந்து பாக்காம யாராவது வாங்குவாங்களா? இல்லல்ல, அது வேண்டாம், இது. அது என்னோடது, ஒரு கால் ஆடும், எனக்குப் பழகிடுச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அது எங்க அக்காவோடது. முதுகு சரியா சாயுதா? அவளுக்கு முதுகு வலி. அதனால தேடித் தேடிப் பிடிச்சது.

எனக்குச் சிரிப்பா வருது. நான் ஆன்லைன்ல விக்கப் போட்டது பூவாளி. நீங்க கேட்டது பின்னால இருந்த நாற்காலியை. பழைய சாமான் விக்கற இந்தத் தொழில்ல இது வழக்கம்தான். ஒருதடவை பூந்தொட்டி படம் போட்டேன், ஒருத்தர் பின்னால இருந்த ஜன்னல் கதவைக் கேட்டாரு. வீட்டுச் சுவத்துல இருக்கற கதவை! இன்னொரு அம்மா, தொட்டிக்குப் பக்கத்துல படுத்திருந்த பூனையையும் தருவீங்களான்னு கேட்டாங்க. அது எங்க பூனையே கிடையாது. அதனாலதான் அக்கா ஒரு சட்டம் போட்டா. குடுக்க மனசில்லாத எதுவும் படத்துக்குள்ள வரக்கூடாது. ஓரமெல்லாம் நல்லா வெட்டிட்டுத்தான் போடணும். இன்னிக்கு என்னவோ, நான் வெட்டாம போட்டுட்டேன். வயசாகுதுல்ல.

அட, எந்திரிச்சுட்டீங்களே. டீ போட்டு ஃபிளாஸ்க்ல கொண்டுவந்து வெச்சிருக்கேன் பாருங்க. ரெண்டு டம்ளர்தான், ஆமா, நீங்க வர்றீங்கன்னு சொன்னீங்கல்ல. அதோட இன்னிக்கு ராக்கெட் விடறாங்க. தெரியாதா? ஊருக்குப் புதுசு, அதான். இந்த மொட்டை மாடியிலேருந்து ரொம்ப நல்லாத் தெரியும். அந்தத் தண்ணி டாங்குக்கும் செல்ஃபோன் டவருக்கும் நடுவுல பாருங்க, மரமெல்லாம் முடியற இடம். அங்கேருந்துதான் மேல வரும். முன்னெல்லாம் இந்தத் தெருவுல ஒவ்வொரு மாடியிலயும் ஆள் நிக்கும். இப்ப எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டு ஃபோன்ல பாக்கறாங்க. கண்ணு முன்னால போறதை விட்டுட்டு உள்ளங்கையில பாக்கறாங்க. என்னத்தைச் சொல்ல.

வண்டியைத் திருப்பிக் குடுக்கணுமா? கூட வேலை பாக்கறவரோடதா? அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ராக்கெட் பாத்துட்டு வரேன்னு. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இந்தாங்க, சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்.

அக்காவா? இங்க இல்ல. அது ஒரு கதை. இந்த வியாபாரமே அவ ஆரம்பிச்சு வெச்சதுதான். ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேக்காதீங்க, பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிச்சுப் போச்சு. ஓய்வு வாங்கிட்டு வீட்டுல உக்காந்தோமா, பொழுது போகல. வீடு காலி பண்றவங்க வேண்டாம்னு விட்டுட்டுப் போற சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வருவோம். துருப்பிடிச்ச பூந்தொட்டி ஸ்டாண்டு, கண்ணாடி போன தோட்டத்து விளக்கு, கைப்பிடி இல்லாத மண்வெட்டி. நான் பழைய டூத் பிரஷ்ஷை வெச்சுத் தேய்தேய்னு தேச்சு, காலை வெயில்ல வெச்சுப் படம் எடுப்பேன். அக்கா எழுதுவா. பழைய தொட்டின்னு போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கடி, மழை பெஞ்ச மறுநாள் வானம் தெரியற தொட்டின்னு போடணும்பா. அப்படியே போடுவா. சண்டை போட்டுக்கிட்டு வாங்குவாங்க.

அந்தத் தொட்டிதான் குடியைக் கெடுத்துச்சு. குருவி தண்ணி குடிக்கற கல் தொட்டி. ஒருத்தர் வாங்க வந்தாரு, மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளான மனுஷன். வந்தாரு, பாத்தாரு, கார்ல ஏறாது போலருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மறுபடி வந்தாரு, அளவெடுக்க. மறுபடி வந்தாரு, அளவு எழுதின சீட்டு தொலைஞ்சு போச்சாம். ஒரு தொட்டியை எடுக்க ஒரு மனுஷன் இத்தனை தடவையா வருவான்? எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். மரமண்டை, நான் உக்காந்து பேரம் பேசிக்கிட்டிருக்கேன். அக்கா தலைவாரிக்கிட்டு வந்து நிக்கறா. கடைசியில தொட்டியையும் எடுத்துக்கிட்டு அவளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்.

சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான். அந்த வயசுல அப்படி ஒரு வெக்கம் அவளுக்கு. நல்லா இருக்கட்டும். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. குறை இருந்தாத்தான் தேவலையே, திட்டவாவது ஆள் கிடைச்சிருக்கும். வயித்தெரிச்சலான்னு கேட்டா, இல்லம்மா. கொஞ்சம் இருக்கு.

என்னது, ஃபோன்ல என்ன போட்டிருக்கு? தள்ளி வெச்சுட்டாங்களா? எவ்வளவு நேரம்? சே. இவங்க எப்பவும் இப்படித்தான், காத்து சரியில்லைம்பாங்க, மேகம் சரியில்லைம்பாங்க. ஆனா விட்டுருவாங்க, இன்னிக்கே விட்டுருவாங்க. நாற்காலியை நானே கீழ இறக்கித் தரேன், வண்டியில ஏத்தியும் தரேன். இருட்டறதுக்குள்ள நீ வீடு போய்ச் சேர்ந்துடலாம். நீன்னு சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதே. இன்னும் கொஞ்சம் டீ ஊத்தறேன். பிஸ்கட் எடு. அட எடும்மா, உனக்குன்னுதான் பாக்கெட்டைப் பிரிச்சேன்.

சரி, இருக்கேன்னு சொன்னியே, அது போதும்.

இதுல ஒரு விளையாட்டு உண்டு. ராக்கெட் கிளம்பறப்ப வெளிச்சம்தான் முதல்ல வரும். சத்தமே இருக்காது. சத்தம் பின்னால வரும், பஸ்ஸை விட்டுட்டு ஓடி வர்றவன் மாதிரி. அந்த ரெண்டுக்கும் நடுவுல வாயைத் திறக்கக் கூடாது. யாரு முதல்ல பேசறாங்களோ அவங்க ராத்திரி பாத்திரம் கழுவணும். அக்கா ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. வெளிச்சம் வந்த உடனே, போயிடுச்சுடின்னு என் கையைப் பிடிச்சுக்குவா. இன்னும் மேலயே ஏறியிருக்காது, அதுக்குள்ள போயிடுச்சுடிம்பா. அப்புறம் பாத்திரம் கழுவறப்ப பூரா முணுமுணுப்பு.

அவ போனப்புறமும் ஒண்ணு விட்டாங்க. நான் மட்டும் இங்க உக்காந்து பாத்தேன். வெளிச்சம் வந்துச்சு. அப்புறம் சத்தமும் வந்து போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னே தெரியலம்மா. கீழ போயி, இருந்த ஒரே ஒரு தட்டைக் கழுவி வெச்சேன்.

அவளுக்கு அங்க வேற வீடு, வேற பழக்கம். ஞாயித்துக்கிழமையானா ஃபோன் பண்ணுவா. பேசறப்பவே பின்னால அவரு ஏதாவது கேப்பாரு, இவ அதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு என்கிட்ட வருவா. நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்னு எனக்கே மறந்துடும்.

ஏய், டவருக்கு இந்தப் பக்கம் பாரு. வெளிச்சம் தெரியுதா? அதான். இனிமே பேச்சு கிடையாது.

...

...

தோத்துட்டியே! இல்லல்ல, சத்தம் இப்பத்தான் வருது, ஜன்னல் ஆடுது பாரு. நீ அதுக்கு முன்னாலயே அம்மாடின்னு சொல்லிட்டே. நான் கேட்டேன். பொய் சொல்லாதே, காது எனக்கு நல்லாவே கேக்கும். ரெண்டு டம்ளரும் உன் கணக்குதான். கழுவி வெச்சுட்டுத்தான் போகணும்.

அழலம்மா. மேலயே பாத்துக்கிட்டிருந்தேன்ல, கண்ணு கூசுது. சரி, அழறேன். அதுக்கென்ன இப்ப.

ம், வண்டி. எனக்கு ஞாபகம் இருக்கு. தூக்கு, நீ அந்தப் பக்கம் பிடி. இல்ல... ஒரு நிமிஷம், கீழ வை. ஒண்ணு சொல்றேன், பிடிக்கலைன்னா விட்டுடு. நாற்காலி உன்னுதுதான், அதுல மாத்தமில்ல. ஆனா அது இங்கயே இருக்கட்டுமே. உன் பால்கனியிலேருந்து பாத்தா எதிர்வீட்டுச் சுவருதான் தெரியும்னு நீயே சொன்னே. அடுத்தது எப்ப விடறாங்களோ, அப்ப வந்து உன் நாற்காலியில நீ உக்காந்துக்கோ. நடுவுல வந்தாலும் நான் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல. யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல.

ஐயோ, நாற்காலியை விட்டுட்டுப் பூவாளியை எதுக்கு எடுக்கறே? அதை எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப் போறே, அது ஓட்டைம்மா. தண்ணி ஊத்தினா செடிக்குப் போகாது, உன் காலுக்குத்தான் போகும். தெரியும், தெரிஞ்சேதான் போட்டேன். இன்னிக்கு ராக்கெட்டுக்குக் கட்டாயம் வரேன்னு சொல்லியிருந்தா அக்கா. காலையில ஃபோன் பண்ணி, வரலடி, நாங்க இங்கயே டிவியில பாத்துக்கறோம்னுட்டா. ஃபோனை வெச்சுட்டு நேரா மாடிக்கு வந்தேன். அவ நாற்காலி நல்லாத் தெரியற மாதிரி பூவாளியை முன்னால வெச்சுப் படம் எடுத்தேன். இன்னிக்குச் சாயங்காலம் நேர்ல வந்து எடுத்துக்கணும்னு போட்டேன். நிறைய பேர் கேட்டாங்கம்மா, நாளைக்கு வரட்டுமான்னு. நீதான் இன்னிக்கே வரேன்னு சொன்னே.