தாடைக்கு நாடா வேண்டாம்

முள்ளை முடியாய் ஏற்ற முதல்வனே, உன் திருவடிக்கே என் முதல் வணக்கம்!

அவைத் தலைமையேற்ற மூப்பர் செர்விலியன் அவர்களே, ஆன்றவிந்த பெரியோர்களே, பொன்னிழை கோத்துக் கண் நொந்த தாய்மார்களே, தீபூர்த் திருச்சபையோரே!

இன்று என்னை உங்கள் ஆயராக்குகிறீர்கள். என் வழுக்கைக்கு ஒரு பொன்முடியும் தைத்திருக்கிறீர்கள். அறிவில் குறைந்த தலை உயரத்திலாவது கூடட்டும் என்ற உங்கள் கருணைக்கு நன்றி. (சிரிக்காதீர்கள், அப்ரோனியா அம்மா, அளவெடுத்தவர் நீங்கள்தாம்.)

ஆனால், முடியின் இருபுறமும் இரண்டு நாடாக்கள் தொங்குகின்றனவே, அவை எதற்கு? தாடையில் இறுகக் கட்டுவதற்கு. முடி விழாதிருப்பதற்கு. விழுந்தால்தான் என்ன?

என் தாய்மாமன் நேவியுஸ் இவ்வூர் ஜூபிடர் கோயிலில் பூசாரியாக இருந்தவர். பலியிட்ட விலங்கின் தோலில் தைத்த வெள்ளைத் தொப்பி. தாடையில் கட்ட இதே போல் நாடா. உச்சியில் ஓர் ஒலிவக் குச்சி. குச்சியில் கம்பளி நூல். வேள்வியில் அது விழுந்தால் பதவி போயிற்று. அறிவு விழலாம், அன்பு விழலாம், அறம் விழலாம். குச்சி மட்டும் விழலாகாது! என்னே தெய்விகம்!

ஒரு வேள்வி நாளில், நிறைசூலி ஒருத்தி கோயில் படியில் இடறி விழுந்தாள். மாமன் குனிந்து தூக்கினார். நாடா நழுவித் தொப்பி உருண்டது.

உடனிருந்த பூசாரி கேட்டார்: "ஏன்யா நேவியுஸ், அவளா எந்திரிக்கிற வரைக்கும் உம்ம கழுத்து பொறுக்காதா?"

மாமன் சொன்னார்: "என் கழுத்து பொறுக்கும்யா. அவ வயித்துல இருக்கிறது பொறுக்காது."

அன்றே பதவி பறிபோனது. அடுத்து வந்தவர் மாபெரும் அறிவாளி. நாடாவை இறுக்கினார், இறுக்கினார், மந்திரம் சொல்ல வாய் திறவாத அளவுக்கு இறுக்கினார். இருபது ஆண்டுகள் எவருக்காகவும் குனியவில்லை. ஊரார் குறை சொன்னார்களா? இல்லை. தொப்பிதான் விழவில்லையே!

சற்றுமுன் நம் திருத்தொண்டர் மார்சலுஸ் என் காதருகே வந்து, "நாடாவ நல்லா இறுக்கிக் கட்டிக்குங்க ஐயா. இன்னைக்குக் கீழ விழுந்தா சகுனம் சரியில்லம்பாங்க" என்றார். ஜூபிடரை விட்டோம், அவருடைய நாடாவை விட்டோமா? அதிலும், சொன்னவர் யார்? அன்று அந்தத் தாயின் வயிற்றில் இருந்தவர்! (வெட்கத்தில் குனிகிறாரே, பாருங்கள். குனிவது நல்லது, மார்சலுஸ்.)

அம்மா அப்ரோனியா, அந்தக் கத்தரிக்கோலைத் தாருங்கள். இதோ ஒன்று. இதோ மற்றொன்று. அறுந்தன.

இனி இம்முடியை மகிழ்ந்து அணிவேன். விழுந்தவரைத் தூக்கக் குனியும்போதெல்லாம் இது விழும். அப்போது என்னை நீக்காதீர்கள். ஓராண்டு முழுதும் ஒருமுறைகூட விழாமல் நின்றதென்றால், அன்றே என்னை நீக்கிவிடுங்கள்!

செவிமடுத்த உங்களுக்கு நன்றி. உங்கள் இல்லங்களில் எண்ணெயும் அப்பமும் குறையாதிருக்கட்டும். இடறுவோர் எவருக்கும் ஒரு கை எட்டட்டும். ஆமென்.